காருக்கு அடியில ஒரு கவசம்... யாருக்குத் தேவை, எங்கே ஆபத்து? அண்டர்பாடி பேனல் முழு கைடு!

ராத்திரி நேரம். ஊருக்குள் நுழையும் சாலை. வெள்ளைக் கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை, கடைசி நொடியில்தான் கண்ணில் படுகிறது. காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய பேக். பிரேக் அடித்ததில் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் அமுங்க, அடியில் 'டங்'கென்று ஒரு சத்தம். வண்டி வழக்கம்போல ஓடுகிறது. 'அப்பாடா, ஒண்ணும் ஆகல' என்று நீங்களும் நிம்மதியாகிவிடுகிறீர்கள். சில கிலோமீட்டர் தாண்டியதும் டேஷ்போர்டில் அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது.

அந்த விளக்குக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். இன்ஜினில் ஆயில் பிரஷர் இல்லை. அடியில் இருக்கும் ஆயில் சம்ப் விரிசல் விட்டு, ஆயில் முழுக்க ரோட்டில் ஒழுகிவிட்டது. அந்த நொடியே ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் செய்தால், சம்ப்பை மட்டும் மாற்றித் தப்பித்துவிடலாம். 'பக்கத்துல மெக்கானிக் ஷாப் வரட்டும்' என்று ஓட்டினால், சில நிமிடங்களில் இன்ஜினே ஜாம் ஆகிவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை, லட்சத்தில் போய் நிற்கும்.

இந்த அடியைத் தாங்குவதற்காகத்தான் பலரும் காருக்கு அடியில் பேனல் மாட்டுகிறார்கள். இன்னொரு கூட்டம், 'அடிப்பக்கத்தை வழவழன்னு மூடிட்டா காத்து சுலபமா போகும், மைலேஜ் கூடும்' என்று மாட்டுகிறது. இரண்டுமே உண்மைதான். ஆனால், இரண்டும் வேறு வேறு வேலைகள். இரண்டுக்கும் வேறு வேறு பொருள் வேண்டும். ஒன்றை இன்னொன்றாக நினைத்து மாட்டும்போதுதான் பணமும் வீணாகிறது, சில சமயம் காருக்கே ஆபத்தாகவும் முடிகிறது.

அடியில் மூன்று வகை மூடிகள்

ஒரு தடவை சர்வீஸுக்கு விடும்போது, காரை லிஃப்ட்டில் தூக்கச் சொல்லி நீங்களே அடியில் நின்று பாருங்கள். பளபளவென்று பாலிஷ் போட்டு வைத்திருக்கும் காரின் இன்னொரு முகம் தெரியும். முன்னால் இன்ஜினும் கியர்பாக்ஸும், அதன் கீழே ஆயில் சம்ப், நடுவில் நீளமாக எக்ஸாஸ்ட் குழாய், ஓரமாக பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும், பின் சீட்டுக்கு நேர் கீழே பெட்ரோல் டேங்க், கடைசியில் சைலன்ஸரும் பின் ஆக்ஸிலும் இருக்கும். இவற்றை மூடுபவை மூன்று வகை.

முதலாவது, கம்பெனியே கொடுக்கும் இன்ஜின் அண்டர் கவர். மெக்கானிக்குகள் 'ஸ்பிளாஷ் ஷீல்டு' என்பார்கள். மெல்லிய பிளாஸ்டிக்தான். சேறு, மழைத் தண்ணீர், சின்னக் கற்கள் இன்ஜின் பக்கம் தெறிக்காமல் தடுப்பது இதன் வேலை. பெல்ட், ஆல்டர்னேட்டர் எல்லாம் தண்ணீரில் நனையாமல் இருப்பது இதனால்தான். ஆனால், பெரிய கல்லையோ வேகத்தடையையோ இது தாங்காது.

இரண்டாவது, ஸ்கிட் பிளேட். இரும்பு அல்லது அலுமினியத் தகடு. அடிபட்டால், அந்த அடியை ஆயில் சம்ப்புக்குக் கொடுக்காமல் சப்ஃப்ரேமுக்குக் கடத்திவிடும். 'இன்ஜின் கார்டு' என்று கடைகளில் கேட்டால் கிடைப்பது இதுதான்.

மூன்றாவது, ஏரோ பேனல். காற்று தடுமாறாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக, மேடு பள்ளமான அடிப்பக்கத்தைச் சமதளமாக்கும் லேசான ஷீட். இது கல்லடிக்கு ஓரளவு தாங்கும், அவ்வளவுதான்.

புதிதாக வாங்கும் முன், பழசு இருக்கிறதா என்று பாருங்கள்!

நிறைய கார்களில் கம்பெனி கொடுத்த கவரே இருக்காது. ஏதோ ஒரு வேகத்தடையில் கிளிப் உடைந்து தொங்கியிருக்கும். அல்லது ஆயில் மாற்றக் கழற்றியவர்கள், நான்கு கிளிப் காணாமல் போனதால் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். கேட்டால், 'சார், அது உடைஞ்சு தொங்குச்சு, கழட்டிட்டோம். அது இல்லாட்டியும் ஒண்ணும் ஆகாது' என்று பதில் வரும்.

ஆகும். அந்த கவர் வெறும் சேற்றுக்கான தடுப்பு மட்டுமல்ல. பல கார்களில் முன் கிரில் வழியாக வரும் காற்று, ரேடியேட்டருக்குள் நுழையாமல் கீழே நழுவிப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். இன்ஜின் சூடான காற்று எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்பதற்கான திறப்புகளும் அதில் கணக்குப் போட்டு வைக்கப்பட்டிருக்கும். எனவே, 'அண்டர்பாடி பேனல் மாட்டணும்' என்று நினைப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரிஜினல் கவர் இல்லையென்றால் அதையும் அதற்கான கிளிப்புகளையும் வாங்கி மாட்டுவது. உங்கள் காரின் டாப் வேரியன்ட்டிலோ, டீசல் மாடலிலோ கூடுதல் கவர்கள் இருந்தால், அவற்றின் பார்ட் நம்பரைக் கேட்டுப் பாருங்கள். சில கார்களில் போல்ட் போடும் ஓட்டைகள் எல்லா வேரியன்ட்டிலும் ஏற்கெனவே இருக்கும். துளையிடும் வேலையே இல்லாமல் முடிந்துவிடும்.

நகரத்துக்குள் மட்டும் ஓட்டும் பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

ஸ்கிட் பிளேட்: இரும்பா, அலுமினியமா?

வேகத்தடை எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ உயரமும் இருக்க வேண்டும். 25 கி.மீ வேகத்தில் சுகமாக ஏறி இறங்கும் அளவுக்குப் படர்ந்த மேடு அது. நம் தெருக்களில் இருப்பவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள். அகலம் குறைவாக, செங்குத்தாக, மதில் சுவர் மாதிரி நிற்கும். ஹேட்ச்பேக் கார்களின் கிரவுண்ட் கிளியரன்ஸ் பெரும்பாலும் 165-170 மி.மீ. அதுவும் யாரும் ஏறாத காலி காரில் எடுத்த அளவு. ஆட்கள் ஏறியதும் இது குறையும். பிரேக் அடித்தால் முன்பக்கம் இன்னும் இறங்கும்.

அடிக்கடி கிராமத்துச் சாலை, தோட்டத்துப் பாதை, மலைப் பாதையில் போகிறீர்கள், அல்லது காரில் சம்ப் தாழ்வாக இருக்கிறது என்றால் ஸ்கிட் பிளேட் நியாயமான முதலீடு. சம்ப் என்ன உலோகம் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வார்ப்பு அலுமினிய சம்ப் அடிபட்டால் விரிசல் விடும். இரும்புத் தகடு சம்ப் உடையாது, நசுங்கும். 'நசுங்கல்தானே' என்று விட்டுவிட வேண்டாம். உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய், சம்ப்பின் தரைக்கு மிக அருகில் இருக்கும். நசுங்கல் அந்த வாயை அடைத்தால், ஒரு சொட்டு ஆயில் ஒழுகாமலே இன்ஜின் ஆயிலுக்குத் தவிக்கும்.

இப்போது எடைக் கணக்கு. அரை சதுர மீட்டர் பிளேட் என்று வைத்துக்கொள்வோம். 3 மி.மீ இரும்பில் செய்தால் சுமார் 12 கிலோ. 4 மி.மீ அலுமினியத்தில் செய்தால் சுமார் 5.5 கிலோ. அலுமினியம் இரும்பைவிட எளிதில் வளையும் என்பதால்தான் ஒரு மி.மீ கூடுதல் தடிமன். மாதத்தில் பாதி நாள் கல் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இரும்பு, மற்றவர்களுக்கு அலுமினியம் என்பது நல்ல கணக்கு. கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலுமினியத் தகட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டு முடுக்கினால், உப்புக் காற்றில் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். நடுவில் நைலான் வாஷர் வைத்தால் இரண்டு உலோகமும் நேராக உரசாது.

பிளேட்டை எங்கே மாட்டுகிறார்கள் என்பது பொருளைவிட முக்கியம். அது சப்ஃப்ரேமிலோ, கனமான கிராஸ் மெம்பரிலோ மாட்டப்பட வேண்டும். சம்ப்புக்கும் பிளேட்டுக்கும் இடையே இடைவெளி வேண்டும். சம்ப்பை ஒட்டி உரசிக்கொண்டு இருந்தால், அடி நேராக சம்ப்புக்கே போகும். பிறகு பிளேட் எதற்கு? அதேபோல முன் பம்பர் வரை கனமான தகட்டை நீட்டி, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டும் வேலையும் வேண்டாம். விபத்தில் காரின் முன்பக்கம் நசுங்கி, அடியின் வேகத்தை உறிஞ்ச வேண்டும். நடுவில் விறைப்பான இரும்பு நின்றால் அந்தக் கணக்கு மாறிவிடும். புல் பார்களுக்கு 2017 டிசம்பரில் மத்திய அரசு தடை போட்டதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றும் மைலேஜும்: கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

1970-களில் எட்வின் சால்ட்ஸ்மேன் என்ற நாசா பொறியாளர், கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனச் சாலையில் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார். ஒவ்வொரு லாரியும் கடந்துபோகும்போது காற்று முதலில் அவரைத் தள்ளியது, பிறகு லாரியை நோக்கி இழுத்தது. 'இவ்வளவு காற்றைப் புரட்டிப்போட எவ்வளவு எரிபொருள் வீணாகும்!' என்ற கேள்வியிலிருந்து, நாசாவின் டிரைடன் மையத்தில் ஓர் ஆராய்ச்சி பிறந்தது. ஒரு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்துப் பெட்டியாக மாற்றினார்கள். பிறகு, ஓரங்களை உருட்டினார்கள், அடிப்பக்கத்தை மூடினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காற்று எதிர்ப்பு எவ்வளவு குறைகிறது என்று ஓட்டிப் பார்த்தார்கள். ஓரங்களை உருட்டியதில்தான் பெரிய லாபம். அடிப்பக்கத்தை மூடியதிலும் எதிர்ப்பு குறைந்தது.

இன்று கார் கம்பெனிகள் இதை நன்றாகவே பயன்படுத்துகின்றன. 1999-ல் வந்த ஹோண்டா இன்சைட், காற்று எதிர்ப்புக் குணகத்தை 0.25 வரை இறக்கியதில் மூடப்பட்ட அடிப்பக்கத்துக்கும் பங்கு உண்டு. மெர்சிடிஸின் இ.க்யூ.எஸ் மின்சார கார் 0.20-ஐத் தொட்டது. எலெக்ட்ரிக் கார்களில் அடியில் பேட்டரி தட்டையாக இருப்பதால், சமதளமான அடிப்பக்கம் கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைத்துவிடுகிறது.

சரி, நம் காருக்கு எவ்வளவு கிடைக்கும்? ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். 40 கி.மீ வேகத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும் விசை, சுமார் 5 கிலோ எடையைத் தூக்கும் விசைக்குச் சமம். டயர் உருள்வதற்கான எதிர்ப்பு அதைவிடப் பெரியது, சுமார் 13 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். எனவே 80 கி.மீ-ல் 20 கிலோ, 100 கி.மீ-ல் 31 கிலோ. டயரின் எதிர்ப்போ கிட்டத்தட்ட அதே 13 கிலோவில்தான் நிற்கும்.

இதில் என்ன தெரிகிறது? சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் நகரத்தில், காற்று உங்கள் எதிரியே இல்லை. ஹைவேயில்தான் அது முதல் எதிரி.

நன்றாக மாட்டிய பேனல்களால் காற்று எதிர்ப்பு 5 சதவீதம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ வேகத்தில் 31 கிலோவில் ஒன்றரை கிலோ மிச்சம். டயர், இன்ஜின் உராய்வு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மைலேஜில் 2-3 சதவீதம் கூடலாம். லிட்டருக்கு 18 கி.மீ கொடுத்த கார் 18.4 அல்லது 18.5 கொடுக்கும். வருஷத்துக்கு 12,000 கி.மீ, அதுவும் முழுக்க ஹைவேயில் ஓட்டினால் மிச்சமாவது சுமார் 16 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 1,600 ரூபாய். பாதி ஓட்டம் நகரத்துக்குள் என்றால் லாபமும் பாதியாகும். 

ஆக, 'பேனல் போட்டா லிட்டருக்கு 3 கி.மீ கூடும்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அதே ஹைவேயில் 110-ல் போவதை 90 ஆக்கினால் காற்று எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும். செலவு பூஜ்யம். டயரில் காற்று சரியாக இருப்பதும், தேவையில்லாத ரூஃப் கேரியரைக் கழற்றுவதும் பேனலுக்கு முன்னால் செய்ய வேண்டியவை.

அப்படியானால் ஏரோ பேனல் வீணா? இல்லை. அடியிலிருந்து வரும் காற்றுச் சத்தமும், கல் தெறிக்கும் 'சடசட'வும் குறையும். பிரேக் பைப், பெட்ரோல் பைப்பில் சேறு அப்பாது. இவற்றோடு மைலேஜ் ஒரு போனஸ்.

எந்த ஷீட் நல்லது?

விளம்பரப் பலகை செய்யப் பயன்படுத்தும் சன்பேக் ஷீட்டை முதலில் முயற்சி செய்து பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே குழல் குழலாக இருக்கும் அந்த பாலிப்ரொப்பிலீன் ஷீட் லேசானது, கத்தியில் வெட்டலாம். அளவெடுத்து மாதிரி செய்து பார்க்க இதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால், குழல்களுக்குள் சேறும் தண்ணீரும் புகுந்துகொள்ளும், வேகத்தில் படபடக்கும். நிரந்தரமாக மாட்டுவதற்கு இது சரிப்படாது.

நிரந்தரத்துக்கு 2 அல்லது 3 மி.மீ தடிமனுள்ள திடமான ஹெச்.டி.பி.இ அல்லது பாலிப்ரொப்பிலீன் ஷீட் நல்லது. ஒரு சதுர மீட்டர், 3 மி.மீ ஹெச்.டி.பி.இ ஷீட் 3 கிலோவுக்கும் குறைவு. அடிபட்டால் வளைந்து திரும்பிக்கொள்ளும். துருப்பிடிக்காது. ஆனால், சூட்டில் நீளும். ஒரு மீட்டர் நீள ஷீட் 30 டிகிரி சூடேறினால் 3 முதல் 5 மி.மீ வரை நீளும். போல்ட் ஓட்டையை வட்டமாகப் போட்டு இறுக்கினால் ஷீட் நெளிந்து அலையாகிவிடும். அதனால் ஓட்டையை நீள்வட்டமாகப் போட்டு, பெரிய வாஷர் வைப்பார்கள்.

கடை முகப்புகளில் ஒட்டும் ஏ.சி.பி ஷீட்டைச் சிலர் யோசிக்கலாம். விறைப்பாக இருக்கும், ஆனால், நடுவில் இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன். சூடான இடத்துக்கு அது ஆகாது.

இந்த இடங்களை மூடவே கூடாது!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

எக்ஸாஸ்ட் பாதை: ஹெச்.டி.பி.இ சுமார் 130 டிகிரியில் உருகும், பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரிக்கு மேல். கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ பல நூறு டிகிரி சூட்டில் வேலை செய்வது. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்-6 டீசல் கார்களில் இன்னொரு விஷயமும் உண்டு. டி.பி.எஃப் ஃபில்டர் தனக்குள் சேர்ந்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது, உள்ளே சூடு 600 டிகிரியைத் தொடும். இது எப்போது நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எனவே, நடு டனலைத் திறந்தே விடுங்கள். பிளாஸ்டிக் ஷீட், எக்ஸாஸ்ட்டிலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளி நிற்கட்டும். கம்பெனி போட்ட வெள்ளி நிற ஹீட் ஷீல்டைக் கழற்றவே வேண்டாம்.

சூடான காற்று வெளியேறும் வழி: ரேடியேட்டருக்குள் காற்று நுழைய வேண்டுமென்றால், அது வெளியேறவும் வேண்டும். பெரும்பாலான கார்களில் அந்த வழி இன்ஜினுக்குக் கீழே, பின்புறமாக இருக்கிறது. அதை அடைத்தால், சமதள ரோட்டில் ஒன்றும் தெரியாது. ஏ.சி போட்டுக்கொண்டு ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் டெம்பரேச்சர் முள் ஏறும்.

தண்ணீர் வடியும் துளைகள்: கதவுக்குக் கீழே இருக்கும் பாக்ஸ் பகுதியில் சின்னச் சின்ன துளைகள் இருக்கும். அவற்றை மூடினால் உள்ளே தண்ணீர் தேங்கி, வெளியே தெரியாமல் துருவேறும். பேனலிலும் தாழ்வான இடங்களில் வடிகால் துளை போட வேண்டும்.

ஜாக்கி பாயின்ட், டோ ஹூக்: நடுரோட்டில் பஞ்சர் ஆனால்தான் இதன் அருமை தெரியும்.

எலெக்ட்ரிக் கார்: பேட்டரி உறையில் துளை போடுவது, அதன் மேல் தகடு மாட்டுவது, ஆரஞ்சு நிற ஒயர்களின் பக்கம் டிரில் கொண்டுபோவது எதையும் செய்யாதீர்கள். அவை உயர் மின்னழுத்த ஒயர்கள். அடியில் பலமாக அடிபட்டிருந்தால், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

மாட்டும் முறை

நல்ல இன்ஸ்டாலரிடம் கொடுத்தாலும், என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. லிஃப்ட் அல்லது உறுதியான ஸ்டாண்டு அவசியம்.

முதலில் அடிப்பக்கத்தைக் கழுவிக் காயவிட வேண்டும். ஆயில் கசிவு, துரு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கசிவை மூடி மறைத்து மேலே பேனல் மாட்டினால், ஒழுகும் ஆயில் பேனலில் தேங்கும். தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

அடுத்து, அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பார்ப்பது. சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும் தூரம், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் வரும் இடம், இன்ஜின் குலுங்கும்போது அசையும் அளவு எல்லாவற்றுக்கும் இடம் விட வேண்டும்.

போல்ட்டுக்கு ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளைத்தான் முதலில் தேட வேண்டும். அங்கே ரிவ்நட் அடித்தால், எத்தனை முறை கழற்றினாலும் மரை போகாது. புதிதாகத் துளை போட்டே ஆக வேண்டுமென்றால், அந்த இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரியாமல் டிரில்லைத் தொடக் கூடாது. பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், கார்ப்பெட்டுக்குக் கீழே ஓடும் ஒயரிங் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. போட்ட துளையின் ஓரத்தில் துருத் தடுப்பு பெயின்ட் அடிக்க வேண்டும். ஜிப் டை என்பது அவசரத்துக்கு மட்டும்தான்.

ஓரங்களில் ஜாணுக்கு ஒரு போல்ட் இருந்தால் ஷீட் படபடக்காது. இரண்டு ஷீட் சேரும் இடத்தில் கூரை ஓடு வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். முன் ஷீட்டின் கடைசி விளிம்பு கீழே இருக்க வேண்டும், பின் ஷீட்டின் முதல் விளிம்பு அதற்கு மேலே ஒளிந்திருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால், எதிர்க்காற்று விளிம்பைப் பிடித்துக் கிழித்து எடுத்துவிடும். 100 கி.மீ வேகத்தில் அவிழ்ந்து பறக்கும் ஷீட் உங்களுக்கு வெறும் சத்தம். பின்னால் பைக்கில் வருபவருக்கு அது உயிர்ப் பிரச்னை.

கடைசியாக, ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்கும் ஃபில்டருக்கும் தனியாகத் திறக்கும் ஒரு ஜன்னல் வையுங்கள். ஆயில் மாற்ற 15 போல்ட் கழற்ற வேண்டுமென்றால், திரும்ப மாட்டும்போது பத்துதான் இருக்கும்.

பின் பம்பருக்குக் கீழே 'டிஃப்யூஸர்' என்று ஒன்றை ஒட்டுவது இப்போது ஃபேஷன். ஃபார்முலா ஒன்னில் 1970-களின் இறுதியில் லோட்டஸ் அணி, காரின் அடிப்பக்கக் காற்றை வைத்தே பந்தயங்களை ஜெயித்தது உண்மைதான். ஆனால், முன்னாலிருந்து அடிப்பக்கம் முழுக்கச் சமதளமாக இருந்து, பின்னால் மெதுவாக மேலேறினால்தான் அது வேலை செய்யும். நடுவில் எல்லாம் திறந்து கிடக்க, பம்பரில் மட்டும் ஒட்டினால் அது வெறும் அலங்காரம்.

மாட்டிய பிறகு...

- முதல் 500 கி.மீ முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். 

- பேனல் மாட்டும் முன்பும் பின்பும் ஒரே மலைப் பாதையில், ஏ.சி போட்டு ஏறி, ஓ.பி.டி ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைக் குறித்து ஒப்பிடுங்கள். வழக்கத்தைவிட ஏறினால் பேனலில் திறப்பு போதவில்லை என்று அர்த்தம்.

- மைலேஜை டேஷ்போர்டு காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டேங்க் டு டேங்க் நிரப்பி, ஒரே வழியில், ஒரே வேகத்தில், குறைந்தது நான்கைந்து முறை கணக்குப் போடுங்கள். 2-3 சதவீத வித்தியாசம், ஒரு டிராஃபிக் ஜாமிலேயே காணாமல் போய்விடும்.

- வெள்ளத்தில் ஓட்டினால் பேனலுக்குள் சேறும் பிளாஸ்டிக் பைகளும் சேரும். கழற்றிக் கழுவுங்கள். பேனல் மாட்டினால் ஆழமான தண்ணீரில் இறங்கலாம் என்று நினைக்க வேண்டாம். இன்ஜினுக்குத் தண்ணீர் போவது ஏர் இன்டேக் வழியாக. அடியில் இருக்கும் பேனலால் அதைத் தடுக்க முடியாது.

- நாள்கணக்கில் நிறுத்தி வைக்கும் காரா? மூடிய பேனல் எலிக்கு நல்ல வீடு. காய்ந்த புல்லும் துணியும் கொண்டுவந்து கூடு கட்டும். சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அது தீ அபாயம். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாரன்ட்டி, இன்ஷூரன்ஸ், சட்டம்

வாரன்ட்டி இருக்கும் காரில், கம்பெனியின் ஆக்சஸரி பட்டியலில் இருப்பதை, அவர்கள் சென்டரிலேயே மாட்டுவது பாதுகாப்பு. வெளியே மாட்டினால், பில்லையும் மாட்டியபோது எடுத்த போட்டோக்களையும் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் இருக்கும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. போல்ட்டில் மாட்டி, போல்ட்டில் கழற்றும் லேசான பேனலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேஸியை வெட்டுவது, வெல்டிங் அடிப்பது வேண்டாம்.

இன்னொன்று. ஆயில் சம்ப் உடைந்து, அதன் பிறகும் ஓட்டியதால் இன்ஜின் போனால், சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் கிளெய்ம் கிடைப்பது சிரமம். அதற்குத்தான் 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' என்ற ஆட்-ஆன் இருக்கிறது. அதிலும் என்னென்ன நிபந்தனை என்று படித்துவிட்டு வாங்குங்கள். ஸ்கிட் பிளேட்டும் இந்த ஆட்-ஆனும் ஒரே ஆபத்துக்கான இரண்டு மருந்துகள்.

அப்போ, யாருக்கு எது?

நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவரா? ஒரிஜினல் கவர் முழுசாக இருந்தால் போதும். கல் ரோடு, கிராமம், மலை என்று சுற்றுபவரா? சப்ஃப்ரேமில் மாட்டிய அலுமினிய ஸ்கிட் பிளேட். வாரம் தவறாமல் ஹைவேயில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுபவரா? எக்ஸாஸ்ட்டை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் லேசான ஏரோ பேனல் போட்டுக்கொள்ளலாம். மைலேஜை மட்டும் எதிர்பார்த்து மாட்டுபவரா? அந்தப் பணத்தில் முதலில் நல்ல டயர் வாங்குங்கள்.

எதை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், அடுத்த முறை அடியில் 'டங்'கென்று சத்தம் கேட்டால் இதை மட்டும் செய்யுங்கள். பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை ஆஃப் செய்து, இரண்டு நிமிடம் பொறுத்து, மொபைல் டார்ச்சை அடித்துக் குனிந்து பாருங்கள். ரோட்டில் கறுப்பாகச் சொட்டுகிறதா? சாவியைத் தொடாதீர்கள், டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தைவிடப் பெரிய கவசம் எந்தக் கடையிலும் கிடையாது.